வேல் எடுத்த கிதார்: சுசீலா ராமன் பற்றிச் சில குறிப்புகள்

சுசீலா என்று சொன்னால் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான். அந்த இடத்தை யாரும் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். ஆனால் இன்னொரு சுசீலாவும் இருக்கிறார். 1973-இல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, நாலு வயதில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய், சிட்னியில் வளர்ந்து, 1997-இல் மறுபடி இங்கிலாந்துக்கே வந்து சேர்ந்த சுசீலா ராமன். 2001-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'சால்ட் ரெயின்' பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. (பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போனது. அறிவித்த தேதி 2001 செப்டம்பர் 11. அன்றைக்கு யார் பாட்டைப் பற்றி யோசித்திருப்பார்கள்!) அடுத்த வருஷம் பிபிசி ரேடியோ 3 நடத்திய உலக இசை விருதுகளில் சிறந்த புதுமுகம்.

சென்னையில் இவரைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் முதல் கேள்வி, "ஃப்யூஷன்தானே?" லண்டனில் 'வேர்ல்ட் மியூசிக்' என்று ஒரு அலமாரி. ரெண்டு சொல்லுமே கேட்பவருக்கு எதையும் சொல்வதில்லை. நம்ம ஊரில் ஃப்யூஷன் என்றால் மிருதங்கமும் டிரம்ஸும் மேடையில் மாறி மாறி வாசித்து, கடைசியில் சேர்ந்து ஒரு தீர்மானம் வைத்துக் கைதட்டு வாங்கும் சமாசாரம். சுசீலா ராமனின் ஆல்பங்களை அந்தக் காதோடு கேட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அவரைப் பிரிட்டிஷ் ஃபோக் ராக்கின் ஒரு கிளையாக வைத்துக் கேட்டால்தான் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. இது என் கட்சி. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1960-களின் இங்கிலாந்து இளைஞர்களுக்கு முதலில் கிடைத்தது அமெரிக்கச் சரக்கு. டிலன் மாதிரிப் பாடு, ப்ளூஸ் மாதிரி வாசி. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழுவும் அப்படித்தான் தொடங்கியது. 1969 மே மாதம் கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் அவர்களுடைய வேன் விபத்துக்குள்ளாகி, டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர்கள் பழைய பாட்டுகளுக்குத் திரும்பவில்லை. அதே வருஷம் வந்த 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தில் இருப்பவை பெரும்பாலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கதைப்பாடல்கள். கொலை, கள்ளக்காதல், தேவதை தூக்கிக்கொண்டு போன ஆள், இப்படி. நம்ம நல்லதங்காள் கதை, காத்தவராயன் கதை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை எலெக்ட்ரிக் கிதார், ஃபிடில், டிரம்ஸ் வைத்துச் சத்தமாக வாசித்தார்கள். பாடியவர் சாண்டி டென்னி. கிதார் ரிச்சர்ட் தாம்ப்ஸன்.

இந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து வந்தது? குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் உள்ள செசில் ஷார்ப் இல்லத்து நூலகத்தில் உட்கார்ந்து தேடினார். செசில் ஷார்ப் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுச் சேகரித்தவர். முக்கியமான விஷயம், அவர் வரியோடு ராகத்தையும் ஸ்வரக் குறிப்பாக எழுதி வைத்தார். அறுபது வருஷம் கழித்து ஒரு ராக் குழு வந்து அதை எடுத்து வாசிக்க முடிந்ததற்குக் காரணம் அந்தக் குறிப்புகள்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தரமணி ஞாபகம் வரும். இங்கே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பை, 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இங்கேயே நிலைநிறுத்திய நூலகம். ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவில் இப்படி ஒன்று இருப்பது எதிர்ச் சாரியில் காபி குடிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கே இருக்கும் பொக்கிஷங்களில் ஒன்று பழைய பாட்டுப் புத்தகங்கள். குஜிலிப் பதிப்பு என்று சொல்வார்களே, எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், மட்டமான காகிதம். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயர் வைத்து எழுதியிருப்பது இவற்றைப் பற்றித்தான். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, முருகன் பேரில் பதம், எல்லாம் உண்டு. பாட்டின் தலையில் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். ஸ்வரம் கிடையாது. அந்த மெட்டு எல்லாருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் அச்சடித்தது. தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்தபின் அது வெறும் காகிதம். லைப்ரரி ஃபைல் காணாமல் போன புரோகிராம் மாதிரி, அழைப்பு இருக்கும், ஓடாது.

ஆக, தமிழில் ஒருவர் ஃபோக் ராக் செய்ய வேண்டுமென்றால் நூலகம் மட்டும் போதாது. மெட்டை வாயில் வைத்திருக்கும் ஒரு ஆள் வேண்டும். சுசீலா ராமனின் இசை வாழ்க்கையில் திருப்பம் என்று நான் நினைப்பது, அப்படி ஒருவரை அவர் தேடிப் போன இடம். ஆனால் அதற்கு அவருக்குப் பத்து வருஷம் பிடித்தது.

தொடக்கம் எல்லாத் தமிழ்க் குடும்பத்துக் கதைதான். சிட்னியில் சின்ன வயதிலேயே கர்நாடக சங்கீதம், கச்சேரி. பதின்வயதில் அதை விட்டுவிட்டு ஃபங்க், ராக், பிறகு ப்ளூஸ், ஜாஸ். 1995-இல் இந்தியா வந்து ஹிந்துஸ்தானிப் பாடகி ஷ்ருதி சடோலிக்கரிடம் கற்றுக்கொள்கிறார். இங்கிலாந்து போனதும் சாம் மில்ஸைச் சந்திக்கிறார். பிறகு வாழ்க்கைத் துணையும் அவர்தான், எல்லா ஆல்பத்திலும் கிதாரும் அவர்தான். மில்ஸ் 80-களின் தொடக்கத்தில் 23 ஸ்கிடூ என்ற லண்டன் குழுவில் இருந்தவர். வங்காளத்து பவன் தாஸ் பாவுலோடு சேர்ந்து 1997-இல் 'ரியல் ஷுகர்' என்ற ஆல்பம் செய்தவர். பாவுல் பாடகனுக்குப் பக்கத்தில் ஒரு கிதார்காரன் எப்படி உட்கார வேண்டும் என்பதை அவர் அங்கேயே கற்றிருக்கிறார் என்று அந்த ஆல்பத்தைக் கேட்டால் தெரியும். இந்த 'எப்படி உட்கார வேண்டும்' என்பது பெரிய விஷயம். கீழே வருகிறேன்.

'சால்ட் ரெயின்' தீட்சிதரின் மகாகணபதிமோடு தொடங்குகிறது. நாட்டை. கச்சேரி தொடங்குகிற மாதிரியே. பிறகு மைசூர் வாசுதேவாசாரியாரின் மாமவது, தியாகராஜரின் நகுமோமு. நடுவில் சொந்த ஆங்கிலப் பாடல்கள், டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' படத்தில் மலைப்பாம்பு பாடுகிற தாலாட்டு, டிம் பக்லியின் 'சாங் டு த சைரன்'. சென்னைக் காதுக்கு இது அபத்தமான வரிசை. தீட்சிதருக்கும் மலைப்பாம்புக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்த வரிசைதான் ஆல்பத்தின் வாதம். கிருதியை அவர் கிருதியாகப் பார்க்கவில்லை. சின்ன வயதில் காதில் விழுந்த பாட்டாகப் பார்க்கிறார். மற்றப் பாட்டும் அப்படி விழுந்ததுதான். நிரவல் இல்லை, கல்பனாஸ்வரம் இல்லை. கதைப்பாடலைப் பாடுவது போல நேராகப் பாடிவிட்டுப் போகிறார்.

சபாக்காரர்களின் மறுப்பு எனக்குத் தெரியும். கிருதி என்பது நாட்டுப்புறப் பாட்டு இல்லை. அதற்கு ஆசிரியர் உண்டு, பாடாந்தரம் உண்டு, சங்கதிகளுக்கு வரிசை உண்டு. சரிதான். ஆனால் பாடாந்தரம் என்பது அவ்வளவு அசையாத கல்லும் இல்லை. இன்றைக்கு நாம் மேடையில் கேட்கும் நகுமோமு, தைவதம் மாறிய ஆபேரி என்று வித்வான்களே சொல்வார்கள். முசிரியின் குரலில் அது ஊரெல்லாம் பரவியபின் பழையதைக் கேட்டால்தான் தப்பாகத் தோன்றுகிறது. வாய்வழியாக நகரும் எதுவும் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். மாமவது இயற்றிய வாசுதேவாசாரியார் கடைசிக் காலத்தில் அடையாறு கலாக்ஷேத்ராவில் சொல்லிக் கொடுத்தவர். இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பாட்டு லண்டன் போய் வேறு உடுப்பு போட்டுக்கொண்டதில் எனக்குக் கோபம் இல்லை.

என் குறை வேறே. 'சால்ட் ரெயின்' ரொம்ப வழவழப்பு. ஒவ்வொரு வாத்தியமும் கண்ணாடிக் கடை மாதிரி தனித்தனியாக அடுக்கி வைத்திருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் பின்னணியில் ஓட விடலாம், பிரான்ஸில் கோல்ட் டிஸ்க் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மகாகணபதிமில் இருக்க வேண்டிய கம்பீரம் இங்கே ஒரு மாதிரி மயக்கமாக மாறிவிடுகிறது. குரல் உள்ளே வைத்திருக்கும் முரட்டுத்தனம் வெளியே வரவில்லை. அது பிறகுதான் வருகிறது.

இப்போது கிதார். கர்நாடக சங்கீதத்தில் கிதாரின் பிரச்சினை என்னவென்று எல்லாருக்கும் தெரியும். நமக்கு ஸ்வரம் என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு அசைவு. கிதாரில் இருப்பது படிக்கட்டு. படிக்கட்டை வைத்துக்கொண்டு சறுக்குமரம் விளையாட வேண்டும். இதைத் தீர்க்க நம்மவர்கள் எடுத்த வழி, வாத்தியத்தையே வழிக்குக் கொண்டுவருவது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நாலு ஜோடித் தந்திகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி வைத்து, மின்சாரத்தில் ஒலிக்க வைத்தார். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டும் படிப்பு படித்துவிட்டு கிதாருக்குப் போன ஆர். பிரசன்னா தந்தியை இழுத்தும் சறுக்கியும் தோடியே வாசித்துவிடுவார். அவர் 2006-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு மரியாதையாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு ஆல்பம் போட்டார். தலைப்புக்கே தனியாக ஒரு சபாஷ்.

மில்ஸ் அந்தப் பக்கமே போகவில்லை. கமகத்தைத் துரத்துவதைப் பாடகியிடம் விட்டுவிட்டு, அவர் எடுத்துக்கொண்ட வேலை தம்புராவின் வேலை. இது பிரிட்டிஷ் ஃபோக் கிதாரின் பழைய தந்திரம். 60-களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற கிதார்காரர் மொராக்கோ போயிருந்தபோது அங்கே ஊத் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க வசதியாகத் தந்திகளின் சுருதியை மாற்றி வைத்தார். டி, ஏ, டி, ஜி, ஏ, டி. டி-யை ஷட்ஜம் என்று வைத்துப் பாருங்கள்: ஸ, ப, ஸ, ம, ப, ஸ. காந்தாரமே இல்லை! மேற்கத்திய இசையில் இது மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுப்பது காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டால் கிதார் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. மேலே பாடுபவர் எந்தக் காந்தாரத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் பழைய மெட்டுகள் பலவும் மேஜர் மைனர் கணக்குக்குள் அடங்காதவை என்பதால் ஃபோக் கிதார்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

மில்ஸின் கிதார் இந்தத் தர்க்கத்தில் வளர்ந்தது. கார்ட்ஸை மாற்றி மாற்றிப் போட்டு ராகத்தை மூச்சுத் திணற வைக்காமல், ஒரு இடத்தில் நின்று, திறந்த தந்திகளை ஓடவிட்டு, தாளத்தைத் தட்டுகிறார். நம்ம சினிமாவில் எத்தனையோ நல்ல நாட்டுப்புற மெட்டுகள் கீழே வந்து விழுந்த கார்ட்ஸால் வேறே ஏதோ ஆகிப்போனதைக் கேட்டவர்களுக்கு இந்த அடக்கத்தின் அருமை தெரியும். ஃபோக் ராக் என்று நான் அடம்பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான். கேட்கும் போது அது ராகம்போல் இருப்பதால் இந்தியக் கிதார் என்று நினைக்கிறோம். வேர் லண்டன் கிளப்புகளில் இருக்கிறது.

நடுவில் வந்த மூன்று ஆல்பங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 'லவ் டிராப்' (2003): எத்தியோப்பியப் பாடகர் மஹ்மூத் அகமதின் பாட்டை எடுத்துத் தலைப்புப் பாடலாக்கினார்; நைஜீரிய டிரம்மர் டோனி ஆலன் வாசித்திருக்கிறார்; தனித்தனியாக அருமை, சேர்த்துக் கேட்டால் ஊர் சுற்றிய களைப்பு. 'மியூசிக் ஃபார் க்ரோகடைல்ஸ்' (2005): ஒரு பகுதி சென்னையில் பதிவு செய்தது, பிரெஞ்சில் ஒரு பாட்டு, 'ஷரவணா' என்று ஒரு பாட்டும் உண்டு, முருகன் அப்போதே வாசலில் வந்து நின்றுவிட்டார். '33 1/3' (2007): எல்.பி. ரிக்கார்டு சுற்றும் வேகம்தான் தலைப்பு, டிலன், ஹெண்ட்ரிக்ஸ், லெனன் என்று தன் இளமையின் பாட்டுகளை மறுபடி பாடியது. இந்த மூன்றாவதை நிறையப் பேர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும், ஒரு காரணத்துக்காக: அதில்தான் அவர் முதல்முறையாகக் குரலைக் கிழிய விடுகிறார். ஹெண்ட்ரிக்ஸ் பாட்டைப் பாடிக் கற்ற சத்தம் நாலு வருஷம் கழித்து வேலவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதுதான் 2011-இல் வந்த 'வேல்'.

இதற்கு முன் அவர் தமிழ்நாட்டில் கோவை கமலா என்ற மூத்த பாடகியிடம் போய்ப் பக்திப் பாடல்களைக் கற்றுக்கொண்டார். கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக மடித்து வைக்கும் பாட்டுகளை இல்லை. கோயில் திருவிழாவில், காவடி எடுக்கும்போது, பால்குடம் போகும்போது, ஆள் சாமியாடும்போது பாடுகிற ரகம். மேலே சொன்னேனே, மெட்டை வாயில் வைத்திருக்கும் ஆள் என்று. அந்த இடம் இது. புத்தகத்தில் 'இன்ன மெட்டு' என்று மட்டும் இருப்பதை ஒரு மனுஷியின் தொண்டையிலிருந்து நேராக வாங்கிக்கொள்வது. ஹட்சிங்ஸ் செசில் ஷார்ப் நூலகத்தில் செய்ததை இவர் இங்கே வேறே வழியில்லாமல் ஒரு ஆசிரியையின் எதிரில் உட்கார்ந்து செய்தார்.

தமிழ்நாட்டில் இந்தப் பாட்டு வகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது 'தூய' நாட்டுப்புறம் கிடையாது, எப்போதோ மின்சாரம் ஏறிவிட்டது. அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) காவடிக்காரர்களின் துள்ளல் நடையை எடுத்துக் கழுகுமலை முருகன் பேரில் காவடிச் சிந்து எழுதியபோதே தெருவுக்கும் ஏட்டுக்கும் நடுவில் ஒரு போக்குவரத்து தொடங்கிவிட்டது. பிறகு கிராமபோன் வந்தது, பிறகு கேசட். பெங்களூர் ரமணி அம்மாள் குன்றத்துக் குமரனுக்குக் கொண்டாட்டம் போட்டதும், எல்.ஆர். ஈஸ்வரி மாரியம்மனைக் கூப்பிட்டதும் நமக்கு வந்து சேர்ந்தது ரேடியோ செட்காரர் பனைமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் வழியாக. அதில் பாஸ் கிடையாது, நடு ஸ்தாயி மட்டும் காதைப் பிளக்கும். ஆடி மாசத்தில் விடிகாலை நாலரைக்கு அந்தச் சத்தத்தில் எழுந்தவர்களுக்கு ராக் இசையின் ஒலிபெருக்கியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பிறப்பால் கிறிஸ்தவரான ஈஸ்வரி பாடினால்தான் அம்மனுக்கே திருப்தி என்கிற ஊர் இது. இந்தப் பாட்டுக்குச் 'சொந்தக்காரர்' யார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

'வேல்' ஆல்பத்தில் 'பால்', 'என்னப்பனே' ரெண்டையும் கேளுங்கள். ஆரம்பத்தில் குரல் கிட்டத்தட்டப் பேச்சு. கிதார் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இல்லை, எடை கூடுகிறது. அவருடைய குழுவில் லண்டன் தமிழரான பிரஷன்னா தேவராஜா நம்ம தாள வாத்தியங்களோடும், ஆரிஃப் துர்வேஷ் தபலாவோடும் இருக்கிறார்கள். ஆனால் யாரும் தனி ஆவர்த்தனத்துக்கு ஆசைப்படவில்லை. எல்லாரும் ஒரே திசையில் தள்ளுகிறார்கள். அருள் வருவதற்கு முன் பம்பைக்காரர் செய்கிற வேலை இதுதானே. ஆளைப் பார்த்துக்கொண்டே, விடாமல், ஒரே அடியைத் தள்ளுவது. ராக் இசையும் இதே வேலையைச் செய்யத்தான் கண்டுபிடித்தது. ரெண்டும் இங்கே ஒட்டவைக்கப்படவில்லை, ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பத்து வருஷம் முன்னால் மகாகணபதிமில் காணாமல் போன அந்த முரட்டுத்தனம் முழுசாக வந்துவிட்டது.

குறைகளும் இருக்கு. தமிழ் உச்சரிப்பு அங்கங்கே வழுக்கும். சொல் உடைந்து நடுவில் மூச்சு விழும் இடங்கள் உண்டு. பக்திப் பாட்டுக்குச் சொல்தான் உயிர் என்பவர்கள் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள். ஆங்கிலப் பாடல்களின் வரிகள் பெரும்பாலும் சுமார். 'நான் கடல், நீ மழை' ரகம். தமிழ்ப் பாட்டுக்குப் பக்கத்தில் அவை வந்து உட்காரும்போது பஸ்ஸில் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஒரு சங்கடம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கு. ஃபோக் ராக்கின் பரம்பரை வியாதி அது. பாட்டு ஊருடையது, பதிவு ஒருவருடையது. மார்ட்டின் கார்த்தி பாடி வைத்திருந்த 'ஸ்கார்பரோ ஃபேர்' பாட்டை பால் சைமன் கற்றுக்கொண்டு போய் 1966-இல் கார்த்தியின் பெயர் சொல்லாமல் பதிவு செய்தார். அது உலகப் புகழ் பெற்றது. அந்த மனத்தாங்கல் தீர்ந்து ரெண்டு பேரும் ஒரே மேடையில் அதைப் பாட 2000 ஆகிவிட்டது. மூலநிரலை எடுத்தால் எழுதியவர் பெயரை விடாதே என்று எங்கள் துறையில் சட்டமே போட்டிருக்கிறோம். பாட்டில் அது மரியாதையை நம்பி நடக்கிறது. 'பால்' கேட்டு மெய்சிலிர்த்த பாரிஸ் ரசிகருக்கு ரமணி அம்மாள் பெயர் போய்ச் சேர்ந்திருக்குமா? கோவை கமலாவின் பெயரைச் சுசீலா சொல்கிறார், அது நல்லது. ஆனால் கமலாவுக்குப் பின்னால் பெயரில்லாத ஒரு வரிசையே நிற்கிறது, காவடி தூக்கிய தோள்களோடு. சுசீலாவைவிட இந்தக் கேள்விக்கு அதிகம் கடன்பட்டவர்கள் இங்கே உள்ள நாம்தான். கூம்பு ஸ்பீக்கரில் ஓடிய கேசட்டின் உறையை நம்மில் யார் பத்திரமாக வைத்திருக்கிறோம்?

அதே சமயம், தெருவில் இருப்பதை எடுத்துக் கிதாரில் வைப்பதை இங்கே யாரும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2017-இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாடலைப் பாடினார். 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியது. ஃபேர்போர்ட் கன்வென்ஷனுக்கு நேரான தமிழ் வாரிசைத் தேடினால் இவர்களைத்தான் கைகாட்டத் தோன்றும். கோபம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். அவர்கள் புதுப் பாட்டு எழுதினார்கள். சுசீலா ராமன் பழைய பாட்டை அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த காற்றை மாற்றினார். ரெண்டும் வேண்டும். ரெண்டாவது வேலைக்கு இங்கே இன்னும் ஆள் குறைவு.

'வேல்'-க்குப் பிறகு அவர் அங்கேயே நின்றிருக்கலாம் என்று எனக்கு ஒரு சுயநலமான ஆசை. நிற்கவில்லை. 'குவீன் பிட்வீன்' (2014) பாகிஸ்தானின் ரிஸ்வான்-முஅஸ்ஸம் கவ்வாலிக் குழுவோடும் ராஜஸ்தான் இசைஞர்களோடும். கவ்வாலியும் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி ஏறும் இசைதான், அதனால் தர்க்கம் புரிகிறது. ஆனால் கவ்வாலிக் குழு கைதட்டத் தொடங்கினால் பக்கத்தில் யார் இருந்தாலும் விருந்தாளிதான். சுசீலாவும் விருந்தாளியாகிவிடுகிறார்.

'கோஸ்ட் கேமலான்' (2018) வேறே கதை. ஜாவாத் தீவின் சோலோ நகரத்துக்குப் போய், கோண்ட்ராங் குனார்டோ என்ற இசையமைப்பாளரோடும் கேமலான் கலைஞர்களோடும் செய்தது. கேமலான் என்பது வெண்கல மணிகளும் தகடுகளும் சேர்ந்த வாத்தியக் கூட்டம். அதன் சுருதி பியானோவின் பன்னிரண்டு ஸ்வரத்தில் அடங்காது. வார்த்தபோது எந்த ஸ்வரமோ அதேதான், யாருக்காகவும் அசையாது. ஒரு அளவு நம்ம மோகனத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும், ஆனால் சுவர் கொஞ்சம் தள்ளி இருக்கும். இங்கே கிதாரும் குரலும் இறங்கி வர வேண்டியிருக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் பழகிய தொண்டை அந்த இடைவெளிகளைத் தேடித் தேடிப் பிடிப்பது கேட்கக் கேட்க ருசி. நிதானமான, இருட்டான ஆல்பம். விற்றதோ இல்லையோ, 'வேல்'-க்கு அடுத்து நான் வைப்பது இதைத்தான்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 'சால்ட் ரெயின்'-இல் தொடங்க வேண்டாம். எல்லாக் கட்டுரையும் அங்கேதான் அனுப்பும். 'வேல்'-இல் 'என்னப்பனே'. பிறகு ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் பதினோரு நிமிஷப் பாட்டு 'எ ஸெய்லர்ஸ் லைஃப்', 1969. பிறகு ரமணி அம்மாள், எது கிடைத்தாலும். கடைசியில் மறுபடி 'என்னப்பனே'. ஹெட்போன் வேண்டாம். ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக. பக்கத்து ஃப்ளாட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், முருகன் பாட்டுத்தானே.